வீட்டுக்கு வந்து செய்த சுயநினைவுச் சோதனை: ஐந்து தடவை பார்த்தார்கள், நாலு ஸ்டார் கொடுக்கிறேன்

கோமாவிலிருந்து மீண்டவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று வீட்டுக்கே வந்து சோதித்துச் சொல்கிற ஒரு மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். மதுரையிலிருந்து கீழக்கரைக்கு வந்தார்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் எழுதப் போகிறேன், அந்தத் தெரபிஸ்ட் மேடம் அடுத்த மாதமும் எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வாப்பாவுக்கு 58 வயது. இருபது வருஷத்துக்கு மேல் வல்லம் என்கிற படகில் போய்ச் சங்கு குளித்தவர், மூச்சு பத்தாமல் போனதும் தொழிலை விட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஐஸ் பெட்டி கட்டி மீன் வியாபாரம் பார்த்தார். ஏர்வாடிப் பக்கமிருந்து திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கியது. 108இல் ராமநாதபுரம், அங்கிருந்து அன்றிரவே வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மண்டை ஓட்டில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு ஆபரேஷன். நான் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தபோது தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கண் மூடியபடி கிடந்தார். பதினேழாம் நாள் கண்ணைத் திறந்தார். லாத்தா (என் அக்கா) ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலுக்கு இடது பக்கம் நின்று, கேஸ் ஷீட்டைப் பார்த்து ஆதார் அட்டையில் உள்ள முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தூக்குங்க என்று இரண்டு தடவை சொன்னார், நகத்தை அழுத்தினார், வாப்பா கையை இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. “கண்ணு முழிச்சிருக்கு, ஆனா உள்ள ஆள் இல்ல, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாத்துக்கங்க” என்றார். டிஸ்சார்ஜ் சீட்டில் வெஜிடேட்டிவ் ஸ்டேட் என்று எழுதி, பக்கத்தில் ஈ4 விடி எம்4 என்று ஒரு குறி. அது ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டவன் நான்.

அந்தக் குறி கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு டாக்டர்கள் கொண்டுவந்தது, கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மார்க், செத்தவருக்கும் 3 மார்க் உண்டு. ஈ4 என்றால் கண் தானாகத் திறக்கிறது, எம்4 என்றால் வலிக்குக் கையை இழுக்கிறார், விடி என்றால் தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சைச் சோதிக்க முடியவில்லை. அடிபட்ட முதல் நாட்களில் மூளையின் நிலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மணிக்கு மணி பார்க்க அருமையான அளவுகோல். கண் திறந்து படுத்திருக்கிற ஆளுக்குள் என்ன நடக்கிறது என்று மாதக்கணக்கில் தேடுவதற்கு அது போதாது. ஆழம் பார்க்க அடிக்கோலை விட்ட கதைதான்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நாம் சினிமா பார்த்து நினைத்துக்கொள்கிற மாதிரி கோமா வருஷக்கணக்கில் போவதில்லை, உயிர் பிழைத்தவர்களுக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் கண் திறந்துவிடும். அதற்கு அப்புறம்தான் சிக்கலே. கண் திறந்திருக்கும், தூங்கி எழுவார், கொட்டாவி விடுவார், ஆனால் தன்னையோ நம்மையோ அறிவதற்கான அடையாளம் இருக்காது, அதற்குத்தான் 1972இல் வெஜிடேட்டிவ் என்று பெயர் வைத்தார்கள். மனுஷனைக் காய்கறி என்பது போல இருக்கிறது என்று 2010இல் வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள், விழித்திருந்தும் பதில் தராத நிலை என்று அர்த்தம், எங்கள் சீட்டில் என்னவோ பழைய பெயர்தான் இருந்தது. இந்த நிலைக்கும் முழு நினைவுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது, அறிவு மின்னி மின்னி மறையும், கலங்கரை விளக்கு வெளிச்சம் சுற்றி வருகிற மாதிரி. அதற்குக் குறைந்தபட்ச நினைவுநிலை என்று 2002இல் இலக்கணம் எழுதினார்கள். ஒருவர் முதல் நிலையிலா இரண்டாவதிலா என்பதைப் பொறுத்து வைத்தியம், பயிற்சி, வலிக்கு மருந்து கொடுப்பது, குடும்பம் கடன் வாங்குவது எல்லாமே மாறும். அதை ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கை காலை அசைத்துவிட ஒரு பிசியோ தம்பி வந்துகொண்டிருந்தார். அவர்தான் ஒருநாள் காலை மடக்கிக்கொண்டே, “அண்ணே, வாப்பா என்னையப் பாத்த மாதிரி இருந்துச்சு, எதுக்கும் சி.ஆர்.எஸ்-ஆர் பாத்துருங்க” என்று சொல்லி, கோமாவிலிருந்து மீண்டவரின் நினைவை அளக்கிற அந்தச் சோதனையைச் செய்கிற இந்த மையத்தின் நம்பரைக் கொடுத்தார். அந்தத் தம்பிக்குத் தனியாக அஞ்சு ஸ்டார்.

போன் போட்டேன். ரேட்டைச் சொல்வார்கள் என்று பார்த்தால் இருபது நிமிஷம் கேள்வி மேல் கேள்வி. இந்த மையத்தைப் பற்றி எனக்கு முதலில் பிடித்தது இதுதான், சோதனையில் பாதி இங்கேயே நடந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஃபிட்ஸ் மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள், கொடுத்து எத்தனை நேரம் அசந்து கிடக்கிறார், காய்ச்சல் இருக்கிறதா, யூரின் இன்ஃபெக்‌ஷன் பார்த்தீர்களா, மூக்குக்கண்ணாடி போடுகிறவரா, வீட்டில் என்ன பாஷை, பள்ளிக்கூடம் போனவரா, நாள் முழுக்கப் பார்த்தால் எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிற மாதிரி தெரிகிறது. அப்புறம், “காது நல்லா கேக்குமா, அடிபடுறதுக்கு முன்னாடி?”

அந்த இடத்தில் எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாப்பாவுக்கு இடது காது கேட்காது. சங்கு குளிக்கிறவர்கள் பல பேருக்கு உள்ள சங்கதிதான், ஆழத்தில் தண்ணீர் அழுத்தி எப்போதோ சவ்வு கிழிந்து சீழ் வந்து அடைத்துப்போன காது. பேச்சு கேட்க வலது காதைக் காட்டித் தலையைத் திருப்புவார், நாங்கள் எல்லோரும் சின்ன வயசிலிருந்தே பழக்கத்தில் அவருக்கு வலது பக்கம்தான் உட்காருவோம், அது ஒரு விஷயம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் நின்றது எந்தப் பக்கம் என்று மேலே எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே.

அடுத்த கேள்வி, “எல்லாரும் எப்டிக் கூப்புடுவாங்க?” வாப்பாவை அந்த ஆதார் பெயரில் கூப்பிட்ட ஆள் யாரும் உயிரோடு இல்லை. ஊரில் பட்டப்பெயர்தான், அதை இங்கே எழுதினால் பாதிக் கீழக்கரைக்கு யார் என்று தெரிந்துவிடும். மற்ற சத்தத்தைவிடச் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் தலை திரும்புகிற வாய்ப்பு அதிகம் என்று ஆராய்ச்சியே இருக்கிறதாம், அந்தப் பெயரைத்தான் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ரேட் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், வண்டிச் செலவு தனி, ஐந்து தடவை, இரண்டு வாரத்துக்குள். ஏன் அஞ்சு தடவை, ஒரே தடவையில் நன்றாகப் பார்த்துவிட்டுப் போங்களேன் என்று நானும் எல்லோரையும் போல மல்லுக்கட்டினேன். மேடம் சிரிக்காமல், “ஒருநாள் கடலைப் பாத்துட்டு வருஷம் பூரா இப்டித்தான்னு சொல்லுவீங்களா?” என்றார். மதுரைக்காரர், கடலை எத்தனை தடவை பார்த்திருப்பாரோ தெரியாது, ஆனால் எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசத் தெரிந்திருந்தது.

முதல் நாள் நாற்பது நிமிஷம் லேட். கொண்டுவந்த பையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று, சீப்பு, எவர்சில்வர் டம்ளர், ஸ்பூன், ஒரு பந்து, அட்டையில் செருகிய தாள். இதற்கா இவ்வளவு ரூபாய் என்று நினைத்தேன். லாத்தா என் காதில், “பாண்டி பஜார் சாமானாட்டம் இருக்கு” என்றாள்.

வேலை செய்த விதத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விட்டது. முதலில் வாப்பாவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தார்கள், படுத்த ஆளுக்கு நினைவு மங்கலாகத்தான் இருக்குமாம். டிவி, ஃபேன் சத்தம், வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வெளியே. பிறகு முகத்தில் ஆரம்பித்துக் கழுத்து, தோள், கை, கால் என்று தசையை ஆழமாகப் பிடித்துப் பிடித்து விட்டார்கள், தூங்குகிற ஆளைச் சோதித்துவிட்டு நினைவில்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காக. வாப்பா கண் நன்றாகத் திறந்தது. அதற்கு அப்புறம்தான் பேனாவை எடுத்தார்கள்.

கண்ணாடி. மேடம் அதை வாப்பா முகத்துக்கு நேராக, ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், பிடித்தார். அடிபட்ட நாளிலிருந்து அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு பக்கம் குழி விழுந்த தலை, வளர்ந்து வெளுத்த தாடி. கண்ணாடியை மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். கருவிழி ஒரு நொடி நின்ற இடத்திலேயே நின்றது, பிறகு நகர்ந்தது, வெடுக் வெடுக்கென்று இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கண்ணாடியின் பின்னாலேயே போனது, கண்ணாடி நின்றதும் நின்றது. மறுபடி நடுவுக்கு, இடது பக்கம், மேலே, கீழே, எல்லாவற்றையும் இன்னொரு தடவை. அதே மாதிரி தன் முகத்தையும் பந்தையும் நகர்த்திக் காட்டினார், அதற்கெல்லாம் வாப்பா கண் அசையவே இல்லை. விரலைக் காட்டியும் டார்ச் அடித்தும் பார்த்துவிட்டுக் கண் தொடரவில்லை என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆள் முகத்தையோ பொருளையோ தொடராத நோயாளிகளில் சிலர் கண்ணாடியில் தெரிகிற சொந்த முகத்தைத் தொடர்கிறார்கள் என்று பெல்ஜியத்தில் 2008லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள், கண்ணாடி இந்தச் சோதனையின் விதியிலேயே இருக்கிறது. கண் இப்படித் தொடர்ந்தால் ஆள் முதல் நிலையைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். முப்பது ரூபாய் கண்ணாடி.

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் ஒரு மாசமாச் சொல்றேன்ல” என்று மட்டும் சொன்னார். உண்மைதான், துணி மாற்றும்போது என்னையே பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் ஆசையில் சொல்றீங்க உம்மா என்று அடக்கி வைத்தோம்.

ஆனால் குடும்பம் சொல்வதெல்லாம் சரி என்றும் இல்லை, இதையும் எழுதியாக வேண்டும். லாத்தா தினமும் வாப்பா உள்ளங்கையில் தன் விரலை வைப்பாள், அவர் இறுக்கிப் பிடிப்பார், அதுதான் அவளுடைய பெரிய நம்பிக்கை. மேடம் விரலை வைத்துப் பார்த்தார், பிடித்தார். ஸ்பூன் காம்பை வைத்தார், அதையும் அதே மாதிரி பிடித்தார். “விடுங்க” என்று சொன்னபோது விடவில்லை. கைக்குழந்தை பிடிக்கிற மாதிரியான பிடிதான், இதற்கு மார்க் இல்லை என்று மெல்லச் சொன்னார். பல்லைக் கடிப்பது, கொட்டாவி, பலத்த சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லாமும் நினைவின் அடையாளம் இல்லை, மூளையின் அடித்தண்டு தானாகச் செய்வது. லாத்தா அன்று சோறு சாப்பிடவில்லை. பொய்யாகத் தேற்றிவிட்டுப் போயிருக்கலாம், செய்யவில்லை, அதற்காகவே இந்த மையத்தை நம்புகிறேன்.

இந்தச் சோதனையில் மொத்தம் ஆறு பகுதி. கேட்பது 4, பார்ப்பது 5, அசைவு 6, வாய் 3, தொடர்புகொள்வது 2, விழிப்பு 3, கூட்டினால் 23. ஜோசப் ஜியாசினோ என்ற அமெரிக்கரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் 1991இல் வெளியிட்டு 2004இல் திருத்திய அளவுகோல் இது, அந்தத் திருத்தம்தான் சி.ஆர்.எஸ்-ஆர் என்ற பெயரின் கடைசியில் வருகிற ஆர். இதில் மொத்த மார்க்கைவிட எந்தப் பகுதியில் எந்தப் படி ஏறினார் என்பதுதான் பேச்சு. முதல் நாள் வாப்பாவுக்கு 10. பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டு மாதிரி நான் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் 7. கண்ணாடிக்குக் கண் அசையவில்லை. பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை. காலையில் கொஞ்சம் காய்ச்சல், எட்டு மணி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வேறு நேரம் கிடைக்காததால் மேடமும் காலையிலேயே வந்துவிட்டார். அந்த ஒருநாள் தாளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆஸ்பத்திரி சொன்னதுதான் சரி, வெஜிடேட்டிவ், வேறு பேச்சே இல்லை. என் வயிற்றைப் பிசைந்தது. ஐந்து தடவை ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு சொன்னால் மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பாகிறது, குறைந்தது ஐந்து தடவையாவது இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும் என்று 2017இல் வந்த ஆய்வை அன்றிரவு தேடிப் படித்தேன். அதற்கு முன்பே, 2009இல், பெல்ஜியத்தில் 103 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு: டாக்டர்கள் கூடிப் பேசி வெஜிடேட்டிவ் என்று முடிவு செய்த 44 பேரை இந்த அளவுகோலால் சோதித்தபோது 18 பேருக்கு நினைவின் அடையாளம் இருந்தது. அங்கே அவ்வளவு வசதியோடு பார்த்தே அந்தக் கதி.

மூன்றாம் நாள் 12, நாலாம் நாள் 8, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் நாள் நகத்தைப் பேனாவால் அழுத்தியபோது வாப்பா அடுத்த கையைக் கொண்டுவந்து அந்தப் பேனாவைத் தள்ளினார், கையை வெறுமனே இழுத்துக்கொள்வதைவிட அது ஒரு படி மேல். உம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. “வலிக்குதுன்னு தெரிஞ்சா அப்புறம் ஏன் அமுக்குற?” என்று மேடத்தையே அதட்டினார்.

ஐந்தாம் தடவை அஸர் தொழுகைக்கு அப்புறம் வரச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் வாப்பா தெளிவாக இருக்கிறார், ஜன்னலைத் திறந்தால் கச்சான் காற்று அடிக்கும், கருவாட்டு வாசமும் சேர்ந்து வரும், முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் திண்ணையில் உட்காருவார். மேடம் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பேச்சிலேயே, பட்டப்பெயரைச் சொல்லி, “கட்டவெரலத் தூக்குங்க” என்றார். ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், கையைக் காட்டி அடக்கினார். சொன்னதை மூளை வாங்கி, விரலுக்கு அனுப்பி, விரல் கேட்க நேரம் எடுக்கும், பத்து வினாடி வரை காத்திருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். பத்து வினாடி என்பது எவ்வளவு நீளம் என்று அப்படி ஓர் அறையில் நின்றால்தான் தெரியும். சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கட்டைவிரல், சங்கு உரசி உரசி நகம் பாதி தேய்ந்துபோன விரல், போர்வையை விட்டு ஓர் அங்குலம் எழும்பி, நடுங்கி, இறங்கியது.

தற்செயலாக இருக்கலாம் என்று மேடம் முகத்தில் எதையும் காட்டவில்லை. சொல்லாமல் சும்மா விட்டுவிட்டும் ஒரு நிமிஷம் பார்த்தார், விரல் தானாக அசைகிறதா என்று. அசையவில்லை. நாலு தடவை சொல்லி மூன்று தடவை தூக்கினார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஆமாம் என்றால் விரலைத் தூக்குங்க, இல்லை என்றால் சும்மா இருங்க என்று வைத்தால் தூங்கிப்போனதும் இல்லையும் ஒன்றாகிவிடும் என்பதால் ஆமாவுக்கு விரல், இல்லைக்குக் கண்ணை இறுக மூடுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டார்கள். “நான் இப்ப கை தட்டுறேனா?” என்று தட்டிக்கொண்டும் தட்டாமலும். “நான் இப்ப மூக்கத் தொடுறேனா?” ஆறு கேள்வி, நாலுக்குப் பதில் வந்தது, அதில் இரண்டு தப்பு. ஆறும் சரியாக இருந்தால்தான் பேச்சுத் தொடர்பு திரும்பிவிட்டது, அந்த நிலையைத் தாண்டிவிட்டார் என்று எழுதுவார்களாம். அந்தப் பகுதியில் 2க்கு 1. மொத்தம் 14.

ஆக ரிப்போர்ட்டில் எழுதியது குறைந்தபட்ச நினைவுநிலை, சொன்னதைப் புரிந்து செய்கிற மேல் பிரிவு. இதை வைத்துக்கொண்டு வேறொரு நியூரோ டாக்டரைப் பார்த்தோம், அவர் ஃபிட்ஸ் மருந்தின் அளவை மாற்றி, அமாண்டடின் மாத்திரையும் ஆரம்பித்திருக்கிறார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மருந்து, தலையில் அடிபட்டு இந்த இரண்டு நிலையிலும் இருந்த 184 பேரிடம் சோதித்து, நாலு வாரம் கொடுத்த காலத்தில் முன்னேற்றத்தின் வேகம் கூடுகிறது என்று 2012இல் வெளியிட்டது. ஃபிட்ஸ் வருகிறவருக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள், இதைப் படித்துவிட்டுக் கடையில் போய்க் கேட்காதீர்கள்.

சிலர் கேட்பார்கள், ஸ்கேனில் பார்க்க முடியாதா என்று. நானும் கேட்டேன். 2006இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவனும் கூட இருந்தவர்களும் வெஜிடேட்டிவ் என்று சொல்லப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் மெஷினுக்குள் வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக நினைத்துக்கொள், உன் வீட்டு அறைகளில் நடப்பதாக நினைத்துக்கொள் என்று சொன்னபோது, நல்ல நினைவுள்ளவர்களின் மூளை எந்தெந்த இடத்தில் வேலை செய்யுமோ அங்கேயே அவள் மூளையும் வேலை செய்தது. வாப்பாவிடம் டென்னிஸைச் சொன்னால் எழுந்து உட்கார்ந்து அது என்னடா என்று கேட்டாலும் கேட்பார், மூச்சைப் பிடித்து முங்குவதாக நினைங்க என்று சொல்ல வேண்டும். 2024இல் வந்த பெரிய ஆய்வில், கட்டிலருகே சொன்னதற்கு எதுவுமே செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை, சொன்னதைச் செய்ய முயல்வதாக ஸ்கேனிலோ, ஈஈஜி என்கிற மூளை மின் பதிவிலோ காட்டியிருக்கிறது. நாலு பேரில் ஒருவர். அதனால் 23க்குக் குறைவாக வந்துவிட்டது, விரல் தூக்கவில்லை என்பதற்காக உள்ளே ஆள் இல்லை என்று இந்தச் சோதனையை வைத்தும் சொல்லிவிட முடியாது, மேடமே அதை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த ஸ்கேன் சோதனை இன்னும் ஆராய்ச்சி ஆஸ்பத்திரிகளின் சமாச்சாரம், நாம் காசு கட்டி எடுக்கிற சாதாரண எம்ஆர்ஐ வேறு, அதில் மூளையின் படம் வரும், எண்ணம் வராது.

ஒரு ஸ்டாரை எங்கே பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தில் மூன்று தடவை லேட், அதில் ஒரு தடவை வாப்பாவின் தெளிவான நேரமே தீர்ந்துபோயிற்று. ரிப்போர்ட் நாலு பக்கமும் இங்கிலீஷ், உம்மாவுக்கும் லாத்தாவுக்கும் ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தால் குறைந்தா போய்விடும், நான் ராத்திரி உட்கார்ந்து நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் என்று போனில் சொல்லியும் வந்துவிட்டார்கள், அதற்கும் முழுக்காசு. வீட்டில் இருக்கிறவர்கள் தினமும் என்ன குறித்து வைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள், முதல் நாளே ஒரு தாள் கொடுத்திருக்க வேண்டும். இப்போது லாத்தா ஒரு காலண்டரில் எழுதுகிறாள்: மாத்திரை நேரம், காய்ச்சல், எத்தனை மணிக்குக் கண் தெளிவு, என்ன சொன்னோம், எத்தனை தடவையில் எத்தனை தடவை செய்தார். பிடித்தார் என்றால் எழுதுவதில்லை, சொல்லிப் பிடித்தார் என்றால் எழுதுகிறாள்.

யாராவது கூப்பிடப் போகிறீர்கள் என்றால் மாத்திரைக்கு ரொம்பத் தள்ளி, சாப்பாடு கொடுத்த உடனே இல்லாத நேரமாகக் கேளுங்கள். எந்த அளவுகோல், எத்தனை தடவை, கண்ணாடி வைத்துப் பார்ப்பீர்களா என்று மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள், மூன்றாவதற்கு அந்தப் பக்கம் முழித்தார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். காதைப் பற்றி அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். எங்கள் மாமி வந்து ஏர்வாடி தர்காவுக்கு ஒரு நடை கொண்டுபோகலாமே என்றார், நேர்ச்சை வைத்திருக்கிறோம், அதுவும் நடக்கும், அதற்காகச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மேடம் சொன்னதும் மாமியே சரி என்றுவிட்டார்.

அடுத்த சுற்று அடுத்த மாதம். அதில் சாமான்களை எடுத்து உபயோகிக்கிறாரா என்று பார்ப்பார்கள், டம்ளரைக் கொடுத்தால் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், சீப்பைக் கொடுத்தால் தலை வார வேண்டும். போன தடவை சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டு வாப்பா அதை அப்படியே வைத்திருந்தார், மேடம் சைபர் போட்டார். அவருக்கு ஆபரேஷனுக்கு இருபது வருஷம் முன்னாலேயே தலையில் முடி கிடையாது என்று லாத்தா சொன்னபோதுதான் அந்த அறையில் மூன்று மாதத்துக்கு அப்புறம் எல்லோரும் சிரித்தோம். விதிப்படி சீப்பும் டம்ளரும்தான், மார்க் இல்லாமல் வேண்டுமானால் வேறு சாமானையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். உம்மா வாப்பாவின் வெள்ளைத் தொப்பியைத் துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்.